அறிந்துகொள்ளவே அடையாளங்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான நம் மஹல்லாச் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பெண் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை இந்த மேடையில் ஆண்டுதோறும் அறிஞர்கள் எடுத்துரைத்து வருகின்றார்கள். ஆகவே, கல்வி கற்ற பின்னும் நம்மை விட்டு விலகாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். பிறர் நம்மீது ஒட்டுகின்ற முத்திரைகளும், நாம் பிறர்மீது ஒட்டுகின்ற முத்திரைகளுமே இன்று என் பேச்சின் பொருள்.

திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தில் 11, 13 ஆகிய இரண்டு வசனங்களைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப் பெயர் சூட்டி அழைப்பதையும் முன்னது தடுக்கின்றது. பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதையும் அது தனியே எடுத்துக் கூறித் தடுக்கின்றது. ஆண், பெண் என்றும், இனங்கள், கோத்திரங்கள் என்றும் மனிதர்கள் அமைக்கப்பட்டிருப்பதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்பது பின்னதன் கருத்து. அடையாளம் வேண்டாம் என்று அங்கே கூறப்படவில்லை. அடையாளத்தின் பயன் அறிமுகம் என்றே கூறப்படுகின்றது. அறிமுகத்திற்கு உதவ வேண்டிய பெயர், மேற்கொண்டு அறிய வேண்டியதில்லை என்று கதவை அடைக்கும்போது முத்திரையாகி விடுகின்றது. நான் சொல்ல வந்த செய்தி இவ்வளவே. இனிச் சொல்பவை யாவும் அதற்கான சான்றுகள்.

வடசென்னை என்னும் முத்திரை

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பணியின் பொருட்டுப் பல மாவட்டங்களில் நான் வாழ்ந்திருக்கின்றேன். சொந்த ஊர் எது என்று கேட்பவர்களிடம் திருவொற்றியூர் என்றும் எண்ணூர் என்றும் சொன்னால், "ஐயோ, வடசென்னையா?" என்னும் வியப்பு முதலில் வரும். கத்தி, கஞ்சா, கூலிப்படை என்று திரைப்படங்கள் காட்டிய படம் அவர்கள் கண்முன் வந்து நிற்கும். என்னைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே வரும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு புறப்பட்டது நம் இராயபுரத்திலிருந்துதான். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தோன்றியது நமக்கு அருகிலுள்ள பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையேதான். எண்ணூரில் லாரியும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் டயரும், மணலியில் பெட்ரோலும் உருவாயின. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017-இல் மூடப்படும் வரை இந்த நகருக்கு வெளிச்சம் தந்தது. அதன் சாம்பலை நாம் சுவாசித்தோம். உழைப்பும் புகையும் நமக்கு, ஊதியமும் நற்பெயரும் பிறருக்கு என்று ஒரு பகுதியை வைத்துவிட்டு, அங்கு வாழ்பவர்களையே முரடர்கள் என்று அழைப்பது எளிதாகி விட்டது.

நமக்குப் பிடித்தமான பெயராயினும் அதை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. தொண்டியிலிருந்து வந்து இங்கு வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களால்தான் தொண்டியார்பேட்டை எனப் பெயர் வந்தது என்று நாம் பெருமையுடன் கூறுகின்றோம். ஆனால் அவர்கள் வாழ்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1693-இல் ஆங்கிலக் கம்பெனியார் பெற்ற மூன்று கிராமங்களுள் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் தொண்டியார்பேட்டையின் பெயரும் இருக்கின்றது. ஊர்ப் பெயர் அவர்களுக்கு முந்தியது என்பதால் அப்பெரியாரின் சிறப்பு சிறிதும் குறைந்துவிடாது. சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பதே போதிய பெருமை. அந்தப் புலவர் முத்திரையைப் பார்த்திருந்தால் அம்மாலை பிறந்திராது.

அங்கே இந்தியர், இங்கே பர்மாக்காரர்

என் தந்தையார் குடும்பம் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம். 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. கைக்குழந்தையாக என்னைச் சுமந்துகொண்டு, இரண்டு பெட்டிகளுடன் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதாக என் தாயார் கூறுவார்கள். எங்களைப் போன்றவர்கள் எண்ணூர் பர்மா நகரிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தனர். அப்படி வந்தவர்கள் வாழ்வு தேடி 1969-இல் தொடங்கியதே பாரிமுனையிலுள்ள பர்மா பஜார்.

பர்மாவில் எங்களை 'கலா' என்று அழைத்தார்கள். இந்தியரைக் குறிக்கும் அச்சொல் அலட்சியத்துடன்தான் பெரும்பாலும் சொல்லப்பட்டது. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர்களுக்கு 'ஜெர்பாதி' என்று இன்னொரு பெயர் இருந்தது. தாய்நாட்டிற்கு வந்துவிட்டால் இவை யாவும் ஒழிந்துவிடும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். இங்கு வந்து இறங்கியவுடன் 'பர்மாக்காரர்' என்னும் பெயர் காத்திருந்தது. அங்கே இந்தியர் என்பதற்காக விலக்கப்பட்டவர்கள், இங்கே இந்தியராகப் போதாதவர்களாகக் கருதப்பட்டார்கள். என் அத்தை ஒருவருக்கு வந்த மூன்று வரன்கள், "பர்மாப் பெண், பழக்கவழக்கம் எப்படியோ" என்ற ஒரு சொல்லால் திரும்பிப் போயின. அவர் ஐவேளைத் தொழுகையை விட்டதில்லை. ரமளானில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். அதை அறிய யாரும் வரவில்லை. பெயர் தெரிந்துவிட்டது அல்லவா, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். அன்று அப்படிப் பேசிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அத்தோ கடையில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கின்றார்கள். உணவுக்கு விரைவில் கிடைத்த மன்னிப்பு மனிதருக்குத் தாமதமாகவே கிடைக்கின்றது.

முத்திரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இலங்கை ஓர் எச்சரிக்கை. அங்குள்ள நம் சகோதரர்களில் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்த்துகீசியர் சூட்டிய 'மூர்' என்னும் பெயரும், சோனகர் என்னும் பெயரும் அவர்களுக்கு உண்டு. அவர்கள் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதினார். அந்தப் பெயர் விவாதம் ஏட்டளவிலே நின்றிருந்தால் தீங்கில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1990 அக்டோபரில், வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களை வெளியேறச் சொன்ன மொழியும், அவர்கள் அழுத மொழியும் ஒன்றே.

வீட்டு வாசலில் நின்ற பெயர்

நம் மாநிலத்திலும் வேறு விதமாக இதை உணர்ந்தோம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அக்கொடுமையை நம்மில் எவரும் ஆதரிக்கவில்லை. அதற்காக நாம் துயருற்றோம். அந்த ஆண்டு எனக்கு வேறொரு மாவட்டத்திற்குப் பணிமாறுதல் வந்தது. வாடகைக்கு வீடு தேடினேன். "டீச்சர் அம்மாவா, தாராளமாக வாருங்கள்" என்று சொன்ன ஒரு வீட்டுக்காரர், என் பெயரைக் கேட்டதும், உறவினர் வரவிருப்பதாகச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார். ஆசிரியை என்னும் பெயர் திறந்த கதவைப் பெற்றோர் வைத்த பெயர் மூடியது. அதே தெருவில், நெற்றி நிறையத் திருநீறு அணிந்த ஒரு பாட்டியம்மா தம் வீட்டின் முன்பகுதியை எனக்குக் கொடுத்தார். அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டு: "எத்தனை பேர்? தண்ணீர் அதிகம் செலவாகுமா?" அங்கு நான் நான்கு ஆண்டுகள் இருந்தேன். நோன்பு நாட்களில் ஸஹருக்கு எழுப்பிவிட்டவர் அவரே. ஒரு தெருவில் இருவரையும் கண்டதால், எந்தச் சமூகத்தாரைப் பற்றியும் "அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்று சொல்ல என் நாவு எழுவதில்லை.

நமக்குள் இருக்கும் பெயர்கள்

வெளியார் செய்வதைச் சொன்னேன். நமக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும். இராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்னும் பெயர்கள் நம்மிடையே வழங்குகின்றன. குதிரை வணிகத்தோடும் குதிரைப் படையோடும் ஒரு பெயரும், கடல் வணிகத்தோடு ஒரு பெயரும், மார்க்கக் கல்வி போதிப்பதோடு ஒரு பெயரும் தொடர்பு கொண்டவை. முன்னோர் செய்த தொழிலையும் வந்த வழியையும் நினைவூட்டும் பெயர்கள் இவை. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் இவை தனித்தனித் தலைப்புகளாக இடம்பெற்றன. தலைப்பு வேறாகவே மனிதரும் வேறு என்று நாமும் எண்ணத் தலைப்பட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெயரால் நன்மையும் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2007-ஆம் ஆண்டு தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் இடஒதுக்கீடு வழங்கியது. இங்கே பரிசு பெற வந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் இன்ஷா அல்லாஹ் அதன் பயனைப் பெறுவார்கள். அந்தப் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன. லெப்பை என்னும் பிரிவில் இராவுத்தரும் மரைக்காயரும் அடங்குவர். அவர்கள் பேசும் மொழி தமிழாயினும் உருதுவாயினும் சரி என்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. அரசாங்கக் காகிதம் நம்மை ஒரே வரியில் அமர்த்திவிட்டது. நம் திருமணப் பேச்சுகள் இன்னும் அமர்த்தவில்லை. "உருதுக்காரர் வீடு, நமக்குச் சரிப்படாது" என்று தமிழ் பேசுபவரும், "இவர்களுக்கு உருதே தெரியாது" என்று உருது பேசுபவரும் சொல்வதை இந்த மஹல்லாவிலேயே கேட்கின்றோம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவர்கள், வரன் பார்க்கும்போது ஏன் விலகி நிற்க வேண்டும்?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயாரைச் சுட்டி இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கின்றது என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருக்கின்றோம். கண்டிக்கப்பட்டவர் சாதாரணமானவர் அல்லர், முன்னணித் தோழர். நல்லவர்களிடமும் இந்தக் குணம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

பெண் என்னும் முத்திரை

முஸ்லிம் பெண் என்றால் படிக்காதவள், பேசாதவள், அடங்கிக் கிடப்பவள் என்று வெளியே ஓர் எண்ணம் உண்டு. நான் பணியாற்றிய பள்ளிகளில், "உங்களை வேலைக்கு எப்படி அனுப்பினார்கள்?" என்று பரிவோடு கேட்டவர்கள் பலர். பரிவுதான், ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். மாநிலச் சராசரியோ 73.5 சதவீதம். பெண்களைத் தனியே எடுத்தாலும் நம் பெண்களின் எழுத்தறிவு மாநிலப் பெண்களின் சராசரியை விட உயர்ந்தே இருந்தது. எழுத்தறிவு வேறு, பட்டப்படிப்பு வேறு என்பதை நான் அறிவேன். மேற்படிப்பில் நாம் செல்ல வேண்டிய தூரம் மிகுதி. ஆயினும் அந்த எண்ணத்திற்கு இக்கணக்கு தக்க மறுமொழியாகும்.

கீழக்கரையின் ஆசியா உம்மாவும், இளையான்குடியின் கச்சிப்பிள்ளை அம்மாளும் ஞானப் பாடல்கள் இயற்றியவர்கள். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரையே பள்ளியில் படித்தவர். அவர் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தது. அதற்குத் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் முன்னுரை அளித்தார். பாத்திமா பீவி அவர்கள் 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். பின்னர் 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராக இருந்தார். 2023 நவம்பரில் அவர் மறைந்தபோது, முஸ்லிம் பெண் என்று முதலிலும், நீதிபதி என்று அடுத்தும் சொன்னவர்கள் பலர். அவர் எழுதிய தீர்ப்புகளில் ஆண், பெண், மதம் எதுவும் இல்லை, சட்டமே இருந்தது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வெளியார் நம் பெண்களை அறியாதவர்கள். நாம் அறிந்தவர்கள். ஆனாலும், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்னும் சொல்லை நாமே சொல்கின்றோம். பன்னிரண்டாம் வகுப்பில் 500-க்கு மேல் மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தியின் தந்தையிடம், மேலே படிக்க வையுங்கள் என்று கேட்டேன். "படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது டீச்சர்" என்றார். அவர் கொடியவர் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து அவளைப் படிக்க வைத்தவர். படித்த பெண் அடங்க மாட்டாள் என்று ஊர் ஒட்டிவைத்த முத்திரைக்கு அஞ்சினார். ஆகவே அவரைக் குறை கூறிப் பயனில்லை. முத்திரையை ஒட்டிய ஊர், அதாவது நாம்தான் அதைக் கிழிக்க வேண்டும். வணிகம் செய்த அன்னை கதீஜா (ரலி) அவர்களையும், ஈராயிரத்திற்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் போற்றும் சமுதாயத்தில் ஒரு தந்தைக்கு இந்த அச்சம் ஏன் வர வேண்டும்?

நாம் ஒட்டும் முத்திரைகள்

நம்மை வருத்தும் முத்திரையைப் பற்றிப் பேசும் உரிமை, நாம் பிறரை வருத்தாதபோதே முழுமை பெறும். காசிமேட்டில் விடியலுக்கு முன் ஏலக் கூடையருகே நிற்கும் சகோதரியை, சத்தமாகப் பேசுகின்றாள் என்பதற்காக இழிவாகக் குறிப்பிடுகின்றோம். படகு இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே மெதுவாகப் பேசினால் அவளுக்கு விலை கிடைக்குமா? நம் தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் உழைக்க வந்த பீகார், வங்காளச் சகோதரர்களை 'ஹிந்திக்காரன்' என்ற ஒரே சொல்லில் அடக்குகின்றோம். 2023 மார்ச்சில், அவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பொய்யான படம் ஒரு கூட்டத்தாரை எவ்வாறு கலங்கச் செய்யும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அவர்களில் சிலர் வெள்ளிதோறும் நம் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் தொழுதுவிட்டுச் செல்கின்றார்கள். அவர்களில் ஒருவரது பெயரையாவது நாம் கேட்டிருக்கின்றோமா?

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

பேசிவிட்டுக் கலைவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே நிர்வாகத்தினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, ஜமாஅத் குடும்பப் பதிவேட்டைப் பற்றியது. அதில் ஆண்களுக்குப் பெயர், படிப்பு, தொழில் எல்லாம் உள்ளன. பெண்களில் பலர் 'மனைவி', 'மகள்' என்ற அளவில் நிற்கின்றனர். கணவர் மறைந்து, தையல் வேலை செய்து பிள்ளைகளைக் காக்கும் சகோதரியின் குடும்பம் இன்றும் மர்ஹூமின் பெயரிலேயே இருக்கின்றது. அந்தப் பெயர் இருக்கட்டும். அதன் அருகில் குடும்பத்தை நடத்துபவரின் பெயரையும், படிப்பையும், தொழிலையும் எழுதுங்கள்.

இரண்டாவது, நிர்வாகம் நடத்தும் வரன் தகவல் படிவத்தில் 'பிரிவு', 'வீட்டு மொழி' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவ்விடத்தில் மார்க்கப் பற்றையும் குணத்தையும் கல்வியையும் கேளுங்கள். கட்டத்தை எடுத்துவிட்டால் கேட்பவரின் கூச்சமாவது மிஞ்சும்.

மூன்றாவது, ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, புதிதாக வந்து தொழும் வெளியூர்ச் சகோதரர்களின் பெயரையும் ஊரையும் கேட்டறிய இளைஞர்கள் இருவரை நியமியுங்கள். நோயுற்றாலோ விபத்து நேர்ந்தாலோ அவர்களுக்கு உதவ அதுவே முதல் படியாகும்.

இம்மூன்றுக்கும் பெரும் நிதி தேவையில்லை. ஒரு பதிவேடும், ஓர் அச்சுப் படிவமும், சிறிது நேரமும் போதும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் நேர்முகத் தேர்வுகளுக்குச் செல்வீர்கள். உங்கள் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, உடையைப் பார்த்து, சிலர் உங்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்யக் கூடும். அப்போது சினமோ தாழ்வுணர்வோ கொள்ள வேண்டாம். உங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் ஊரையும் தயங்காமல் சொல்லுங்கள். பிறகு உங்கள் வேலையைக் காட்டுங்கள். நீங்கள் கேள்வி கேட்கும் நாற்காலியில் அமரும் நாளும் இன்ஷா அல்லாஹ் வரும். எதிரே நிற்பவர் எவராயினும் அவரை அறிந்துகொள்ள ஒரு கேள்வி அதிகமாகக் கேளுங்கள்.

பெருமையிலிருந்தும் பரிகாசத்திலிருந்தும் நம் நாவுகளை வல்ல இறைவன் காத்தருள்வானாக. ஒருவரையொருவர் அறிந்து, அறிந்ததற்கேற்ப மதித்து வாழும் மஹல்லாவாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.